பழைய ஐடி துறையைப் புதுப்பிப்பது எப்படி: நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கான வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் ஐடி துறைக்குள் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரியான நிலைமைதான் இருக்கும். சம்பளக் கணக்கு ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய நிரலில் ஓடும். ஸ்டோர்ஸும் கேட் பாஸும் விபி 6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய நிரல்மொழியில் இருக்கும். கணக்குப் பிரிவு டேலியில் வேலை செய்யும். இந்த மூன்றுக்கும் இடையே தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை எக்செல் கோப்புகளும், அவற்றை மாதந்தோறும் கையால் சரிபார்க்கும் இரண்டு மூன்று ஊழியர்களுமே. துறையில் ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர் நிறுவனத்துக்குக் கணினி வந்த காலத்திலிருந்தே இருப்பவர். அங்கே ஓடும் நிரல்களில் பாதிக்கு மேல் அவர் எழுதியவை. காலையில் முதல் ஷிஃப்ட் தொடங்கும்போது ஒலிக்கத் தொடங்கும் தொலைபேசி மாலை வரை ஓயாது.

இப்படிப்பட்ட துறையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வந்தவுடன் முதலில் நடப்பது விலைப்புள்ளி கேட்பது. ஈஆர்பி (எல்லாப் பிரிவுகளின் வேலையையும் இணைக்கும் ஒரே மென்பொருள்) விற்பவரும் கிளவுட் விற்பவரும் பாதுகாப்புக் கருவி விற்பவரும் அடுத்தடுத்து வந்து விளக்குகிறார்கள். ஏதோ ஒன்று வாங்கப்படுகிறது. அதைக் கற்றுக்கொண்டு நடத்த வேண்டியவர்கள் அதே ஆறேழு பேர்தான். அவர்களுடைய நாளோ ஏற்கெனவே பிரிண்டருக்கும் பாஸ்வேர்டுக்கும் போய்விடுகிறது. எனவே புதிய மென்பொருளை வெண்டரின் ஆட்கள் அரைகுறையாக ஓட்டுகிறார்கள், பழையதும் நிற்காமல் பக்கத்திலேயே ஓடுகிறது, வேலை இரட்டிப்பாகிறது. எதையும் வாங்குவதற்கு முன் மீட்க வேண்டியது ஊழியர்களின் நேரம் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஐம்பது முதல் ஐந்நூறு கணினிகள் வரை உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை ஆகும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

என்ன இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்

முதல் வேலை ஒரு பதிவேடு தயாரிப்பது. கொள்முதல் பில்களைப் பார்த்து அதைத் தயாரிக்க முடியாது. இரண்டு பேர் தொழிற்சாலை முழுவதும் நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் சர்வருக்கும் சுவிட்சுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அது எங்கே இருக்கிறது, எந்த இயங்குதளம், எந்த மென்பொருள், யார் பயன்படுத்துகிறார், இது நின்றால் எந்த வேலை நிற்கும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்பனவற்றை எழுதுங்கள். கடைசி இரண்டு கட்டங்களில்தான் பதிவேட்டின் உண்மையான பயன் இருக்கிறது. எத்தனை வரிகளில் “யாரைக் கூப்பிட வேண்டும்” என்ற இடத்தில் ஒரே ஒருவரின் பெயர் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், துறை எவ்வளவு ஆபத்தான நிலையில் நிற்கிறது என்பது நிர்வாகத்துக்கே புரிந்துவிடும்.

மென்பொருள்களுக்கு எதிரே, தயாரித்த நிறுவனம் ஆதரவை நிறுத்திய தேதியையும் எழுதுங்கள். விபி 6-இன் நிரலாக்கச் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2008 ஏப்ரலிலும், விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்குத் தந்தது 2015 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. எஸ்கியூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலை 9, விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தாலே எதை முன்னால் எடுத்துக்கொள்வது என்ற வாக்குவாதத்தில் பாதி குறைந்துவிடும்.

கணினி அறைக்கு வெளியே இருப்பவற்றையும் மறக்கக் கூடாது. நிறுவனத்தின் இணையதளப் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்த முகவரியில் அது இருப்பது அரிதான செய்தி இல்லை. ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யார் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, இரவில் தானாக ஓடும் வேலைகள் எந்தக் கணினியில் எவருடைய பாஸ்வேர்டைக் கொண்டு ஓடுகின்றன, ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் எவை இப்போது இல்லாத கருவிகளுக்குக்கூடப் பணம் வாங்கிக்கொண்டிருக்கின்றன என்பனவும் அதே பதிவேட்டில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதில் மிச்சமாகும் பணமே பல இடங்களில் முதல் ஆண்டின் பயிற்சிச் செலவுக்குப் போதும்.

ஓட்டைகளை அடைத்த பிறகே மற்றவை

புதுப்பிக்கும் வேலை நடுவழியில் இருக்கும்போது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதல் ஒன்று வந்தால் எல்லாம் நின்றுபோகும். 2017 மே 12 அன்று பரவிய வானாகிரை, விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஒரு குறையின் வழியாக நுழைந்தது. அந்தக் குறையை அடைக்கும் திருத்தத்தை (பேட்ச்) மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் பேட்ச் போடாதவர்களே அடிபட்டார்கள். அடுத்த மாதமே வந்த நாட்பெட்யா என்ற தீநிரல், உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க்கைச் சாய்த்தது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. எந்தக் கணினியில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அனைத்தும் அழிந்துவிட்ட நிலையில், கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று தப்பியிருந்தது; அதை வைத்துத்தான் மீண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தொடர்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு நகல்தான் உயிர்கொடுத்தது என்பதை ஒவ்வொரு ஐடி மேலாளரும் தம் நிர்வாகத்துக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

ஆகவே பேக்கப்பிலிருந்து தொடங்குங்கள். தகவலுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதி பழையதாக இருந்தாலும் இன்றும் சரியானது. அதோடு, அவற்றில் ஒன்றாவது நெட்வொர்க்கிலிருந்து எட்ட முடியாததாக இருக்கட்டும். இதைவிட முக்கியமானது மீட்டுப் பார்ப்பது. ஒரு சனிக்கிழமை மதியம் சம்பளத் தரவுத்தளத்தைக் காலியான ஒரு கணினியில் பேக்கப்பிலிருந்து மீட்டு, போன மாதச் சம்பளப் பட்டியலை அதிலிருந்து அச்சிட்டு, உண்மையான பட்டியலோடு ஒப்பிடுங்கள். தினமும் காலையில் “வெற்றி” என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும் பேக்கப் மென்பொருள், எப்போதோ வேறு டிரைவுக்கு மாற்றப்பட்ட ஒரு தரவுத்தளத்தைத் தொடவே இல்லை என்பது இப்படிப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள். தொழிற்சாலை எவ்வளவு நேரம் நிற்க நேரிடும் என்று முதலாளி கேட்டால் சொல்லக்கூடிய நேர்மையான விடை அந்த எண்தான்.

அடுத்து, டேலி கோப்புறை எல்லோருக்கும் எழுதும் உரிமையோடு பகிரப்பட்டிருந்தால் அதை உடனே மாற்றுங்கள். ஒரு குமாஸ்தாவின் கணினியில் நுழையும் ரேன்சம்வேர் நேராகக் கணக்குப் புத்தகத்தைப் பூட்டிவிடுவது இந்த வழியாகத்தான். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகக் கொரோனா காலத்தில் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப் இன்னும் இணையத்தை நோக்கித் திறந்தே இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். மின்னஞ்சலுக்கும், வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழைய உதவும் விபிஎன்னுக்கும் இரண்டாம் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். வேலையை விட்டுச் சென்றவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை மனிதவளப் பிரிவிலிருந்து வாங்கி, அவர்களுடைய கணக்குகளை முடக்குங்கள். ஷாப்ஃப்ளோரில் சிஎன்சி இயந்திரத்தோடும் அளவுக் கருவியோடும் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை மாற்ற முடியாது. இயந்திரம் ஓடும்வரை அதுவும் ஓட வேண்டும். அவற்றைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, இணையத்தைத் துண்டித்து, யுஎஸ்பி வழியாகக் கோப்பு போவதை ஒரே ஒரு கணினிக்குள் கட்டுப்படுத்தினால் போதும்.

சட்டப்படியும் சில கடமைகள் உண்டு. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எந்தப் படிவத்தில், யார், எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். தேவைப்படும் நாளில் கணினிகள் திறக்காமல் போகலாம்.

நேரத்தை மீட்பது

ஒரு மாதம் முழுவதும் துறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்யுங்கள். விலையுயர்ந்த டிக்கெட் மென்பொருள் வேண்டியதில்லை; பகிரப்பட்ட ஓர் எக்செல் தாளில் யார், எந்தப் பிரிவு, என்ன பிரச்சினை, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதினாலே போதும். முதல் வாரம் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள்; எழுத நேரமில்லை என்பார்கள். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், நேரத்தின் பெரும்பகுதி நான்கைந்து வகை வேலைகளில் போயிருப்பது தெரியவரும்: பாஸ்வேர்டு மறந்தது, பிரிண்டர், மெதுவாக ஓடும் பழைய கணினி, மேலாளர்கள் கேட்கும் ரிப்போர்ட், நெட் இல்லை என்ற புகார்.

இவற்றில் ஒவ்வொன்றையும் நிரந்தரமாகக் குறைக்க வழி இருக்கிறது. பாஸ்வேர்டைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதியைச் செய்துகொடுக்கலாம். பிரிண்டர்களை ஒரே மாடலுக்குக் கொண்டுவந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்ற வாடகை ஒப்பந்தத்தில் வெளியே விட்டுவிடலாம். பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டாலே பல புகார்கள் நின்றுவிடும். ரிப்போர்ட் விஷயம்தான் சற்று ஆழமானது. தினமும் காலையில் உற்பத்தி மேலாளருக்கும் பர்சேஸ் மேலாளருக்கும் விற்பனை மேலாளருக்கும் தனித்தனியே ஒருவர் தரவை எடுத்து, எக்செல்லில் வடிவமைத்து அனுப்பிக்கொண்டிருப்பார். அந்த ரிப்போர்ட்டுகளைப் பட்டியலிட்டு, கேட்டவரிடமே போய், இதை வைத்து கடைசியாக என்ன முடிவெடுத்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் மட்டுமே போய்க்கொண்டிருப்பவை தாமாக நின்றுவிடும். மீதியைக் காலை ஏழு மணிக்குத் தானாகப் போகும்படி அமைத்துவிடலாம்.

இப்படி மிச்சமாகும் நேரத்தை உடனே வேலி போட்டுக் காக்க வேண்டும். இல்லையென்றால் புதிய அழைப்புகள் அதை விழுங்கிவிடும். வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை எல்லோருக்கும் கற்றலுக்கும் புதுப்பிக்கும் வேலைக்கும் ஒதுக்கி, அந்நேரத்தில் வரும் அழைப்புகளை முறைவைத்து ஒருவர் மட்டும் எடுக்கட்டும். இந்த ஏற்பாட்டை நிர்வாக இயக்குநரே சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும். உற்பத்தி நின்றால் தவிர வேறு எதற்காகவும் அந்த நேரத்தில் அழைக்கக் கூடாது என்று அவர் சொன்னால் நடக்கும். ஐடி மேலாளர் சொன்னால் நடக்காது.

மூத்தவர் மனத்தில் இருப்பதை எழுத்துக்குக் கொண்டுவருதல்

இந்த வழிகாட்டியில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். பழைய நிரல்களில் இருப்பது வெறும் கணினிக் கட்டளைகள் இல்லை. வாடிக்கையாளரோடும் சப்ளையரோடும் பல ஆண்டுகளாக ஏற்பட்ட உடன்பாடுகளும் அவற்றுக்குள் இருக்கின்றன. வால்வு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டிஸ்பேட்ச் நிரலைத் திறந்து பார்த்தபோது, ஒரு வாடிக்கையாளரின் எண்ணுக்கு மட்டும் ஒரு இன்வாய்ஸில் ஒரே ஒரு ஆர்டர் எண்தான் வர வேண்டும் என்ற தடை இருந்தது. இன்னொருவருக்கு 25-ஆம் தேதிக்கு மேல் சரக்கு அனுப்ப முயன்றால் நிரல் மறுத்தது, ஏனென்றால் அவர்களுடைய ஸ்டோர்ஸ் மாதக் கடைசியில் சரக்கு வாங்குவதில்லை. மூன்றாமவருக்கு அட்டைப்பெட்டியின் லேபிளில் நிறுவனத்தின் பாக எண்ணுக்குப் பதிலாக அவருடைய பாக எண் அச்சாயிற்று. டிஸ்பேட்ச் பிரிவில் வேலை செய்தவர்கள் இவற்றைப் பற்றிக் கேட்டால், கம்ப்யூட்டர் விடாது என்று மட்டுமே சொன்னார்கள். இந்த மூன்று விதிகளையும் அறியாமல் புதிய ஈஆர்பிக்கு மாறியிருந்தால், முதல் மாதமே லாரிகள் சரக்கோடு திரும்பி வந்திருக்கும்.

இவற்றை வெளிக்கொண்டுவர, எழுதிக் கொடுங்கள் என்று மூத்தவரிடம் கேட்பதில் பயனில்லை. அவருக்கு எழுதப் பழக்கமும் இருக்காது, எதை எழுதுவது என்றும் தெரியாது. தமக்கு இயல்பாகத் தெரிந்ததைத் தகவல் என்றே அவர் நினைப்பதில்லை. வாரம் இரண்டு மணி நேரம் ஓர் இளையவர் அவர் பக்கத்தில் அமர்ந்து, நிரலை இளையவர் இயக்க, மூத்தவர் பார்த்துப் பேசட்டும். திரையையும் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். “இந்த நிரல் என்ன செய்கிறது” என்ற கேள்வியைவிட, “இந்த வரியை எப்போது சேர்த்தீர்கள், யார் கேட்டார்கள், சேர்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்” என்ற கேள்விகள் பலன் தரும். இளையவர் அன்றே தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, அடுத்த வாரம் மூத்தவரிடம் படித்துக்காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

கூடவே மூல நிரல்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும். “புதியது”, “கடைசி”, “கடைசி 2” என்ற பெயர்களில் ஒருவருடைய கணினியில் கிடக்கும் கோப்புறைகளை எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் வையுங்கள். பிறகு அதிலிருந்து கம்பைல் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள். ஒத்துப்போகாது என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்; அவசரத்தில் செய்த ஏதோ ஒரு திருத்தத்தின் மூல நிரல் காணாமல் போயிருப்பது மிகச் சாதாரணம்.

மூத்தவர் இதற்கு ஒத்துழைக்கத் தயங்கினால் அதில் வியப்பில்லை. எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு தம்மை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நினைக்கிறார். சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் காலத்தில், அது சிறிய பயமில்லை. எனவே இந்தத் திட்டத்தால் எவருக்கும் வேலை போகாது என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்குறுதி என்றால் தரவே கூடாது. அதோடு, திட்டம் முடிந்தபின் அவருடைய பொறுப்பு என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தொழிலின் விதிகளை அறிந்த ஒருவர் புதிய ஈஆர்பியின் விதிகளைத் தீர்மானிப்பவராகவும் தரவின் சரித்தன்மைக்குப் பொறுப்பானவராகவும் இருப்பதே பொருத்தம். புதிய நிரல்மொழி தெரிந்தவரைச் சந்தையில் தேடிப் பிடிக்கலாம். உங்கள் டிஸ்பேட்ச் விதிகள் தெரிந்தவர் எந்தச் சந்தையிலும் இல்லை.

திறன்களை வளர்ப்பது

எல்லோரும் கிளவுட் கற்க வேண்டும், எல்லோரும் ஏஐ கற்க வேண்டும் என்று பொதுவாக அறிவிப்பதால் எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொருவரும் இப்போது செய்யும் வேலைக்கு அடுத்த படி எது என்று பார்த்து, அடுத்த மூன்று மாதத்தில் நிறுவனத்துக்கே தேவைப்படும் ஒரு வேலையோடு அதைக் கட்டுங்கள். ஃபாக்ஸ்புரோவிலும் விபி 6-இலும் எழுதியவருக்குத் தரவு அமைப்பு நன்றாகத் தெரியும். அவர் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லை ஆழமாகக் கற்று, பிறகு சி ஷார்ப், பைத்தான் போன்ற நிரல்மொழிக்குப் போவது இயல்பான பாதை. மேலே சொன்ன தானியங்கி ரிப்போர்ட்டுகளே அவருடைய பாடப் பயிற்சியாக இருக்கட்டும். ஹார்டுவேர் பார்ப்பவர் விர்ச்சுவலைசேஷன் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டுவது), நெட்வொர்க் பிரிப்பு, பவர்ஷெல் (விண்டோஸ் வேலைகளைத் தானாக நடத்தும் கட்டளைமொழி) என்ற வழியில் போகலாம். நெட்வொர்க்கிலிருந்து எக்ஸ்பி கணினிகளைப் பிரிக்கும் வேலை அவருக்கு நல்ல முதல் பாடம். தொலைபேசி எடுப்பவர், யாருடைய பிரச்சினை என்ன என்று எல்லோரையும்விட அறிந்தவர்; கணினிப் பாதுகாப்பையும் பயனர் பயிற்சியையும் அவரிடம் கொடுத்தால் நன்றாகச் செய்வார்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையவழிக் கல்வித் திட்டத்தில் தரவுத்தளம், நெட்வொர்க், பைத்தான் எல்லாவற்றுக்கும் இலவசப் பாடங்கள் உள்ளன; மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளமும் இலவசம். ஓய்வு பெற்ற சர்வர் ஒன்றைச் சோதனைக்கூடமாக ஒதுக்கிவிடுங்கள். உடைத்துப் பார்க்க இடமில்லாமல் எவருக்கும் இத்தொழில் வராது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். தமிழ்வழியில் படித்துப் பாலிடெக்னிக் முடித்து வந்தவர்கள் கையால் செய்வதில் கெட்டிக்காரர்களாக இருந்தும், வெளியார் நடத்தும் வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். வாரம் ஒருவர், தாம் கற்றதைத் துறைக்குள்ளேயே தமிழில் மற்றவர்களுக்கு நடத்திக்காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினால் அந்தக் கூச்சம் போகும்; நடத்துபவருக்கும் பாடம் தெளிவாகும். சான்றிதழ் தேர்வை, வேலையை ஒருமுறை செய்து முடித்தபின் எழுதவைப்பதே சரி.

வெண்டர்களோடு செய்யும் ஒப்பந்தத்தையும் பயிற்சிக்கான கருவியாக்கலாம். ஒரு வேலையை முதல்முறை வெண்டரின் ஆள் செய்ய உங்கள் ஊழியர் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை உங்கள் ஊழியர் செய்ய வெண்டரின் ஆள் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை உங்கள் ஊழியர் தனியே செய்ய வேண்டும். மூன்றாவது நடந்து முடியும்வரை கடைசித் தவணைப் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளியிலிருந்து ஒருவரையோ இருவரையோ எடுக்க வேண்டியும் வரும். நெட்வொர்க் பாதுகாப்பு போன்றவற்றை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தாமே கற்பது கடினம். ஆனால் அவர்களை இருப்பவர்களுக்கு மேலே உட்காரவைக்காமல், ஒவ்வொருவரோடும் ஜோடி சேர்த்து வேலை செய்ய வையுங்கள். கற்றபின் விட்டுப் போய்விடுவார்களே என்ற கவலை முதலாளிகளிடம் எப்போதும் உண்டு. அதற்காகப் பாண்டு எழுதி வாங்குவது மனக்கசப்பையே வளர்க்கும். திறன் கூடியவருக்கு ஆண்டுக் கடைசி வரை காத்திருக்காமல் சம்பளத்தைத் திருத்துவதுதான் நேர்மையான மருந்து. இருந்தும் சிலர் போவார்கள், அதையும் கணக்கில் வைத்தே ஒவ்வொரு வேலையும் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

மென்பொருள்களை மாற்றும் வரிசை

எதை வாங்குவது, எதை நாமே வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. சட்டம் மாறும்போதெல்லாம் மாற வேண்டியவற்றை வாங்கிவிடுங்கள். இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்து, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டாயமானது. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. கணக்கு, பில்லிங், சம்பளம் ஆகியவற்றுக்கு உள்ளூர் நிரலை வைத்துக்கொண்டு இந்த மாற்றங்களைத் துரத்துவது ஊழியர்களின் நேரத்தை வீணாக்கும். உங்கள் தொழிலுக்கே உரிய திட்டமிடல், தரச்சோதனை, வாடிக்கையாளர் விதிகள் போன்றவற்றை மட்டும் சொந்த நிரலாகப் புதிய மொழியில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர் அனைவரையும் புதிய அமைப்புக்கு மாற்ற முயன்று, 19 லட்சம் பேர் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. பனைமரத்தின் மேல் விழுந்த ஆலம்விதை வேர்விட்டு மெல்ல மெல்ல மரத்தைச் சுற்றி வளர்ந்து, கடைசியில் ஆல் மட்டும் நிற்பதைப் போலப் பழைய அமைப்பைச் சுற்றிப் புதியதை ஒவ்வொரு பகுதியாக வளர்ப்பதே பாதுகாப்பான முறை. மின்னஞ்சலும் கோப்புப் பகிர்வும் முதலில் கிளவுடுக்குப் போகட்டும். இழப்பு குறைவு, பலன் எல்லோருக்கும் கண்ணில் படும். இரண்டாவது நிறுவனத்திடமிருந்து இன்னொரு இணைய இணைப்பு வாங்காமல் அதற்கு மேல் எதையும் வெளியே அனுப்ப வேண்டாம். அடுத்து சம்பளம், பிறகு ஸ்டோர்ஸ், கடைசியாக டிஸ்பேட்ச்.

ஸ்டோர்ஸை மாற்றுவதற்கு முன் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு ஆகும் காலத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 6205 என்ற ஒரே பேரிங், “பேரிங் 6205 இசட்இசட்”, “6205-இசட்இசட் பேரிங்”, “பால் பேரிங் 6205”, “மோட்டார் பேரிங் சிறியது” என்று நான்கு எண்களில் கிடக்கும். நான்கிலும் இருப்பு இருக்கும். ஆனாலும் புதிதாக ஆர்டர் போயிருக்கும். இதைக் கணினியால் மட்டும் தீர்க்க முடியாது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளரை அழைத்து, அலமாரி அலமாரியாக நின்று, எது எதோடு ஒன்று என்று அவர் சொல்லச் சொல்லக் குறிக்க வேண்டும். ஈஆர்பி தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். எந்த மென்பொருள் வாங்கினாலும் அது பயன்படும்.

பழையதையும் புதியதையும் இரண்டு மாதக் கடைசிகள் வரை இணையாக ஓட்டி, இரண்டின் மொத்தங்களும் ஒத்துப்போனால் பழையதைப் படிக்க மட்டும் அனுமதியுங்கள். நிதியாண்டின் முதல் நாளில் மாறுவது கணக்குக்கு வசதி என்று ஏப்ரல் 1-ஐ எல்லோரும் சொல்வார்கள். அந்த வாரம் கணக்குப் பிரிவினர் ஆண்டுமுடிவு வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதால், சம்பளத்தையும் ஸ்டோர்ஸையும் அந்தத் தேதியில் சேர்த்துக் குவிக்க வேண்டாம். ஜூலையோ அக்டோபரோ நல்லது.

பழைய சர்வரை நிறுத்துவது

புதுப்பிக்கும் வேலைகள் அரைகுறையாக நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய சர்வரை ஓடவிட்டால், யாரோ ஒருவர் பழைய பழக்கத்தில் அதில் ஒரு பதிவைப் போட்டுவிடுவார். பேட்ச் இல்லாத அந்தக் கணினி நெட்வொர்க்கிலும் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டியிருப்பதால், தரவை அழித்துவிடவும் முடியாது. எனவே அட்டவணைகளைச் சாதாரண உரைக் கோப்புகளாக ஒரு நகலும், பழைய நிரலோடு சேர்ந்த விர்ச்சுவல் கணினியாக இன்னொரு நகலும் எடுத்து, இரண்டையும் நெட்வொர்க்குக்கு வெளியே வையுங்கள். ஊழியர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்கள் அவற்றில் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, பாதுகாப்பில் தவறுபவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது என்பதால், நகல்களைக் குறியாக்கம் செய்து, சாவியை இரண்டு அதிகாரிகளிடம் பிரித்துக் கொடுங்கள். பிறகு சர்வரை அணைத்து, ஒரு மாதம் எவரும் தேடி வருகிறார்களா என்று பார்த்து, டிஸ்க்குகளை அழித்தபின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே நிறுத்திய தேதியையும், நகல்கள் இருக்கும் இடத்தையும், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து சோதிக்க வேண்டிய இருவரின் பெயரையும் எழுதுங்கள்.